அம்மன் பாதம், சைஸ் முப்பத்தெட்டு

"பெரிசா இருக்குது, கேசவா" என்றபடி கருவறைத் திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார் பூசாரி ஏகாம்பரம். அம்மன் காலில் மாட்ட உள்ளே கொண்டுபோன வெள்ளிப் பாதங்கள் இரண்டும் அப்படியே அவர் கையில் திரும்பி வந்தன.

ஆதிகேசவனுக்கு முகம் சுண்டிப்போனது. மேல்விஷாரத்து ஷூ கம்பெனியில் இருபது வருஷமாக அளவு பார்க்கிறவன் அவன். ஆள் முகத்தைப் பார்த்தே கால் சைஸ் சொல்லிவிடுவான். கங்கையம்மனின் முகத்தையும் அப்படித்தான் பார்த்து, லாங் பஜார் வெள்ளிப் பட்டறையில் முப்பத்தெட்டு என்று அடித்துச் சொல்லியிருந்தான்.

மகள் நந்தினி கால் முறிந்து கிடந்தபோது செய்த வேண்டுதல். கால் கூடிவிட்டது. ஆனால் அவன் மனைவி தேவகி பிடித்த பிடியில் நின்றாள்.

"அம்மன் பாதம் போட்டாதான் பொண்ணு வாசப்படி தாண்டுவா!"

திங்கட்கிழமை நந்தினிக்குக் காலேஜ் திறக்கிறது. பாதங்கள் திரும்பி வந்த அன்று செவ்வாய்.

புதன்கிழமை முப்பத்தாறு கொண்டுபோனான். "சின்னதாய்டுச்சுப்பா" என்றார் பூசாரி. வியாழக்கிழமை முப்பத்தேழு. இந்த முறை அவர் திரைக்குள் வெகுநேரம் நின்றார்.

"நீளம் சரி... அகலம்தான் பத்தல."

"பேஜாரா போச்சே! நானே வந்து அளந்துக்கிறேன், பூசாரிண்ணா."

"ஐயையோ! அம்மன் காலை எங்க வூட்டு ஆளுங்களைத் தவிர யாரும் பாக்கக் கூடாது!"

அதுவும் உண்மைதான். தரை தொடும் புடவை இல்லாமல் அம்மனை ஊரில் ஒருவரும் பார்த்ததில்லை.

"அப்போ இந்தப் பேப்பர்ல காலை வெச்சு, சுத்திக் கோடு போட்டுக் குடுங்க. கம்பெனியில அப்படித்தான்."

பூசாரிக்கு வியர்த்துவிட்டது. பேப்பரையும் பென்சிலையும் வாங்கிக்கொண்டு உள்ளே போனார். அங்கே அவர் மனைவி நவநீதம் விளக்குத் துடைத்துக்கொண்டிருந்தாள். கால்மணி நேரம் கழித்து, இரண்டு பாதங்களும் அச்சாக வரைந்த பேப்பர் வெளியே வந்தது.

மறுநாள் கம்பெனியில் சர்தார் பாஷா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஷூ அச்சு செதுக்குவதில் அவர் கெட்டிக்காரர்.

"ரொம்ப நேரம் நின்னு வேலை செஞ்ச காலு, தோஸ்த். பெருவிரல் எலும்பு இன்னா மாதிரி வெளிய தள்ளியிருக்குது பாரு. அகலம் ஜாஸ்தி வெக்கச் சொல்லு."

ஆதிகேசவன் பேப்பரை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். "ஊரையே காவல் காக்குறா, பாய். எங்க உக்காரப் போறா?"

அந்த எலும்புப் புடைப்பைக்கூட விடாமல் பட்டறையில் அடிக்கச் சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை கூழ் ஊற்றும் நேரத்தில் திரை விலகியது. புடவைக் கரைக்குக் கீழே இரண்டு பாதங்களும் பளபளவென்று எட்டிப் பார்த்தன. ஊரே கன்னத்தில் போட்டுக்கொண்டது. பூசாரி மட்டும் ஆதிகேசவன் முகத்தைப் பார்க்காமல் மணியை ஓங்கி ஆட்டினார். நந்தினி படி தாண்டி வந்து கும்பிட்டதைப் பார்த்து ஆதிகேசவன் வெட்கமில்லாமல் அழுதான்.

கூழ் வாங்கப் போனவனை நவநீதம் ஓரமாகக் கூப்பிட்டாள்.

"கேசவா, அந்தப் பேப்பரைத் தூக்கிப் போட்டுடாத. அதே அளவுல எனக்கு ஒரு ஜோடி செருப்பு தெச்சுக் குடு."

"இன்னாக்கா இது? அம்மன் கால் அளவுல உங்களுக்கா?"

"அம்மனுக்கு ஏதுப்பா காலு? இடுப்புக்குக் கீழ வெறும் பீடம்தான். அதைச் சொன்னா உன் மனசு ஒடஞ்சிடுமேன்னுதான் அவரு சைஸ் சரியில்லன்னு சாக்கு சொல்லிட்டிருந்தாரு. கடைசியில வரைஞ்சு குடுத்தது என் காலு!"