ஜெர்மனி போய் வாழ்க!

“மேடம், இது என்ன மஞ்சளா இருக்கு?”

விசா ஆபீசின் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த ஆன்சி என்ற பெண், ஒரு கடிதத்தை இரண்டு விரலால் தூக்கிக் காட்டினாள்.

கார்குழலி எட்டிப் பார்த்தாள். வியாபாரம் பேச வரச்சொல்லி ஜெர்மனியிலிருந்து ஹாம்பர்க் கம்பெனி அவளுக்கு அனுப்பிய அழைப்புக் கடிதம் அது. நாலு மூலையிலும் மஞ்சள். அழைத்தவர் கையெழுத்துப் போட்டிருந்த இடத்தில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குக் குங்குமம்.

“மஞ்சள்தான். கோயிலுக்குப் போய்ட்டு வந்துது” என்றாள்.

“யாரு?”

“லெட்டருதான்.”

ஆன்சி சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டாள். “கையெழுத்தே தெரியலையே மேடம். வேற லெட்டர் வாங்கிட்டு வந்துடுங்க. இன்னொரு தேதி போட்டுத் தரேன்.”

கடிதத்தைக் கோயிலுக்குக் கொண்டுபோனவர் அப்பாவு. பட்டறை வாட்ச்மேன்.

திருவொற்றியூரில் கன்டெய்னர் லாரிகள் ஓயாமல் உறுமும் சாலைக்குப் பின்னால் இருக்கிறது அந்தப் பட்டறை. கன்டெய்னர் கதவுக்கு ரப்பர் பட்டை செய்கிறார்கள். மழையும் கடல் தண்ணீரும் உள்ளே போகாமல் சரக்கைக் காப்பாற்றுவது அந்தப் பட்டைதான். முதலாளி தேவப்பிரியம், தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். ஆனால் பட்டறையை நடத்துவது சூப்பர்வைசர் கார்குழலி. இது ஊர் வம்பில்லை, தேவப்பிரியமே வாய்விட்டுச் சொல்வது.

கார்குழலி உள்ளே நுழைந்தால் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றின மாதிரி. மிஷின்காரன் நிமிர்ந்து நிற்பான், வெட்டுகிறவன் போனைப் பைக்குள் போடுவான். அப்பாவு மட்டும் நாற்காலியில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருப்பார். “இன்னா நைனா, கேட்டு உன்னைக் காவல் காக்குதா, நீ கேட்டைக் காவல் காக்குறியா?” என்று அவள் நாற்காலியைத் தட்டாத நாளில்லை. ஆனால் சம்பளம் ஒருநாள் தள்ளிப்போனாலும் முதலாளி மேஜையையும் அவளேதான் தட்டுவாள். அதனால் அவள்மேல் பயமில்லாதவர் பட்டறையில் ஒருத்தரும் இல்லை, மரியாதை இல்லாதவரும் இல்லை.

ஹாம்பர்க்காரர்கள் அவளைக் கூப்பிட்டதே ஒரு திட்டினால்தான். சாம்பிளைப் பார்க்காமல் வாரக்கணக்கில் போட்டுவைத்திருந்த அவர்கள் இன்ஜினியரை, வீடியோவில் பிடித்துக்கொண்டாள். “சார், யூ ஸ்லீப்பிங், மை மிஷின் ஆல்சோ ஸ்லீப்பிங்!” பக்கத்தில் உட்கார்ந்திருந்த தேவப்பிரியம் கண்ணை மூடி ஜெபம் பண்ண ஆரம்பித்துவிட்டார். அந்த இன்ஜினியரோ விழுந்து விழுந்து சிரித்தார். ‘இந்த அம்மாவையே பத்து நாள் அனுப்புங்கள், பேசி முடித்துவிடலாம்’ என்றார். எப்பேர்ப்பட்ட பெண்பிள்ளை, பார்த்துக்கொள்ளுங்கள்!

அந்த ஆர்டர் வந்தே ஆகவேண்டும். பழைய வாடிக்கைக்காரர்களில் பாதிப் பேர் விலை குறைந்த பட்டைக்கு மாறிவிட்டிருந்தார்கள். ஆர்டர் வராவிட்டால் பொங்கலுக்குள் பட்டறைக்குப் பூட்டு. அங்கே வேலை செய்கிற இருபது குடும்பத்துக்கும் அது தெரியும்.

“கையெழுத்து மேலயா நைனா குங்குமம் வெப்பே?” என்று கேட்டுக்கொண்டே கேட்டுக்குள் வந்தாள் கார்குழலி.

அப்பாவு பதறிப்போய் எழுந்தார். “கையெழுத்துலதானே மேடம் காரியமே கீது? அதான் பாத்து அங்க வெச்சேன். வடிவுடையம்மனாண்ட உன் பேருக்கு அர்ச்சனை வேற பண்ணிகினு வந்தேன்.”

கார்குழலிக்கு அதற்குமேல் திட்ட வாய் வரவில்லை. தினம் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிற மனுசன், தன் கைக்காசைப் போட்டு அவளுக்கு அர்ச்சனை பண்ணியிருக்கிறாரே!

ஹாம்பர்க்குக்கு உள்ளதை உள்ளபடி எழுதினாள். பதில் உடனே வந்தது: ‘புதுக் கடிதம் அனுப்புகிறோம். இதைத் தயவுசெய்து கோயில் வழியாக அனுப்பாமல் நேராகக் கொடுக்கவும்.’

இனிமேல் எதுவும் பிசகக்கூடாது என்று கல்மண்டபத்தில் டிராவல்ஸ் வைத்திருக்கும் சுப்புராயனைப் போய்ப் பார்த்தாள்.

“தா பாரு குழலி, அவன் கூப்பிட்டது பெர்சு இல்ல” என்றார் சுப்புராயன். “நீ திரும்பி வருவியான்றதுதான் மேட்டரே. பத்து நாள்னு சொல்லிட்டுப் போயி அங்கியே குந்திகினவன் எத்தினி பேரு தெரியுமா?”

“நான் இன்னாத்துக்குண்ணா அங்க குந்தப் போறேன்? என் பட்டறைய யாரு பாக்குறது?”

“என்னாண்ட சொல்லி இன்னா பிரயோஜனம்? அவங்களுக்குத் தெரியணும். சொந்த வூடு கீதில்ல? நல்லா பளிச்சுனு ஒரு போட்டோ எடுத்து வெப்போம். வேரு இங்கதான் கீதுன்னு புரிஞ்சுக்குவாங்க.”

போட்டோ எடுக்கும் பொறுப்பை அவள் கணவன் வல்லரசு ஏற்றுக்கொண்டான். கொருக்குப்பேட்டையில் ஷேர் ஆட்டோ ஓட்டுபவன். பெண்டாட்டி ஜெர்மனி போகிற செய்தியை ஏறுகிற ஒவ்வொரு சவாரியிடமும் சொல்லி, இறங்குவதற்குள் வாழ்த்தும் வாங்கிவிடுவான். அதுவும் போதாமல் வீட்டு வாசலில் ஒரு ஃபிளெக்ஸ் வைக்க ஆசைப்பட்டான்.

“என் மச்சான் ஃபிளெக்ஸ் கடைல கீறான். நான் அடிச்சுகினு வரேன்” என்று முன்வந்தார் அப்பாவு.

“ஜெர்மனி போய் வருகன்னு போடச் சொல்லு நைனா” என்றான் வல்லரசு. “கெளம்புறவங்களைப் ‘போ’ன்னு சொல்லக் கூடாது பாரு. வருகன்னுதான் முடிக்கணும்.”

ஃபிளெக்ஸ் வந்தது. வாசலை மறைத்து நின்றது. கார்குழலி ஒருபக்கம், விமானம் ஒருபக்கம், கீழே வட்டத்துக்குள் கூலிங்கிளாஸ் போட்ட வல்லரசு. “இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு?” என்று கார்குழலி வெட்கப்பட்டுக்கொண்டு நிமிர்ந்தும் பார்க்காமல் வேலைக்கு ஓடிவிட்டாள். தெருவே பார்த்தது, படத்தை. ஃபிளெக்ஸில் கடைசி வரியை யார் படிக்கிறார்கள்?

இரண்டாவது தடவை விசா ஆபீசில் எல்லாம் வழுக்கிக்கொண்டு போனது. சுப்புராயன் அடுக்கிக் கொடுத்த கட்டை ஆன்சி புரட்டிப் பார்த்தாள். “எல்லாம் கரெக்டா இருக்கு மேடம். தேவைப்பட்டா கம்பெனி நம்பருக்குப் போன் பண்ணி விசாரிப்பாங்க, அவ்வளவுதான்.”

திரும்பி வரும்போது கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடியிருந்தது. சரக்கு ரயில் ஊர்ந்துகொண்டிருந்தது. வல்லரசின் ஆட்டோவில் உட்கார்ந்திருந்த கார்குழலி, பாரம் இறங்கின நிம்மதியில், கேட்டுக்கு அந்தப் பக்கம் வீட்டு வாசலில் தெரிந்த தன் ஃபிளெக்ஸை முதல்முறையாக எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

‘வடசென்னையின் வீரமங்கையே! கன்டெய்னரின் காவல் தெய்வமே! ஜெர்மனி போய் வாழ்க!’

“யோவ்! வாழ்கன்னு போட்டுக்கீது!”

வல்லரசு கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். “அட ஆமா! ஃபிளெக்ஸ்னா வாழ்கன்னு முடியும்னு கடைக்காரன் கை தானா அடிச்சிருக்கும். வுடு, நல்ல வார்த்தைதானே?”

“நான் அங்க போய் வாழ மாட்டேன், வந்துருவேன்னு சொல்லத்தான்யா இத்தினி காயிதம் குடுத்துட்டு வரேன்!” திடீரென்று அவன் சட்டையைப் பிடித்தாள். “ஆமா, வூட்டு போட்டோல இது வுழுந்துச்சா?”

“வுழாம? இது முழுசா தெரியணும்னுதானே எதிர் வூட்டு மாடி ஏறி எடுத்தேன்!”

சரக்கு ரயில் முழுக்கக் கடந்து, கேட் திறந்து, பின்னால் நின்ற லாரிக்காரன் ஹாரன் அடித்தும் கார்குழலி அவன் போனைப் பிடுங்கி அந்தப் போட்டோவைப் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்தாள். வீட்டைவிட ‘வாழ்க’தான் பளிச்சென்று இருந்தது.

மறுநாள் விஷயம் தேவப்பிரியத்தின் காதுக்குப் போனது. “இதுக்குப் போயி அழுவியா? நான் பாத்துக்கிடுதேன்” என்றவர், அன்றைக்கே விசா அதிகாரிகளுக்கு இங்கிலீஷில் விளக்கம் எழுதி அனுப்பிவிட்டார். சாயங்காலம் பெருமையாக அவளிடம் படித்தும் காட்டினார்.

“போட்டோவில் உள்ள ‘வாழ்க’ என்ற சொல்லைத் தவறாக எண்ண வேண்டாம். அது ஒரு வாழ்த்துதான். ‘நெடுங்காலம் வாழ வேண்டும்’ என்பதே அதன் பொருள்.”

கார்குழலி தலையில் கை வைத்துக்கொண்டாள். “அண்ணாச்சி, இப்ப சேத்துப் படிச்சுப் பாருங்க. ஜெர்மனி போய் நெடுங்காலம் வாழ வேண்டும்.”

தேவப்பிரியம் சேர்த்துப் படித்தார். அப்புறம் கண்ணை மூடி ஜெபத்தில் இறங்கிவிட்டார்.

நாட்கள் ஓடின. விசாவும் வரவில்லை, வராது என்றும் சொல்லவில்லை. கார்குழலி வழக்கம்போல எல்லோருக்கும் முன்னால் வந்து, எல்லோருக்கும் பின்னால் போனாள். ஆனால் திட்டு குறைந்துவிட்டது. வெட்டுகிறவன் தப்பாக வெட்டினபோதும் ஒன்றும் சொல்லாமல் தாண்டிப் போனாள். அவன் பயந்துபோய்த் தானே வந்து, “ஏதாவது திட்டுக்கா” என்று நின்றான்.

ஒருநாள் கேட்டருகே அப்பாவு பக்கத்தில் இருந்த ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். “பயமா கீது நைனா. எனக்கு ஜெர்மனியும் வேணா, ஒண்ணும் வேணா. என்னை நம்பி இருபது குடும்பம் கீது. நான் போய் நின்னா அந்த ஆர்டரை வாங்கிருவேன். போக வுட மாட்டேன்றாங்களே.”

கண் கலங்கிவிட்டது. அப்பாவுக்கும் கலங்கியது.

“நீ போவே மேடம். கண்டிப்பா போவே. நான் தெனம் வேண்டிகினு கீறேன். அம்மனுக்கு முடி எறக்குறேன்னு நேந்துகினு கீறேன்.”

“நீ நல்லா இருக்கணும் நைனா” என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இரண்டாம் நாள் கூரியர் வந்தது. பாஸ்போர்ட்டைப் பிரித்த தேவப்பிரியம் போட்ட சத்தத்தில் மிஷின்கள் நின்றன. உள்ளே விசா!

பட்டறையே வாசலுக்கு ஓடிவந்தது. வல்லரசு ஆட்டோ நிறைய லட்டோடு வந்து இறங்கினான். “என் போட்டோதான்!” என்றான். “என் ஐடியா!” என்றார் கூடவே வந்த சுப்புராயன். “ஏன், என் லெட்டரைச் சொல்ல மாட்டியளா?” என்றார் தேவப்பிரியம்.

கார்குழலி சிரித்தாள், அழுதாள், மறுபடி சிரித்தாள். அப்புறம் பழைய கார்குழலியாகி, “சரி சரி, மிஷினை யாரு நிறுத்தச் சொன்னது?” என்றாள். கை தட்டிக்கொண்டே ஆட்கள் மிஷினுக்குத் திரும்பினார்கள்.

அப்பாவு மட்டும் மெல்லக் கிட்டே வந்தார். “எத்தினி வருசத்துக்கு மேடம் குடுத்துக்கீறாங்க?”

“வருசமா? பத்து நாளு நைனா. பதினோராம் நாள் காலைல இங்க நிப்பேன்.”

அப்பாவு நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். முகம் செத்துப்போயிருந்தது.

“கம்பெனிக்குப் போன் பண்ணுவோம்னாங்க. ஒரு போனும் எனக்கு வரலியே” என்று தேவப்பிரியம் யோசித்தார். “லெட்டர்பேடுல எந்த நம்பர் போட்டிருக்கு?”

வாசலில் நின்ற எல்லோர் கண்ணும் ஒரே நேரத்தில் வாட்ச்மேன் ரூமுக்குள் போயின. அங்கே, யாரும் தொடாத பழைய லேண்ட்லைன் போன் இருந்தது.

“நைனா,” என்றாள் கார்குழலி, “போன் வந்துச்சா?”

“வந்துச்சு.”

“நீ பேசினியா?”

“பேசினேன்.”

அவளுக்கு என்னமோ உறைத்தது. “அந்த வாழ்க?”

“நான்தான் மாத்தச் சொன்னேன்.” அப்பாவு துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “சொல்றேன், அடிக்காத. போன்ல ஒரு பொண்ணு, ‘இவங்க ஜெர்மனி போனா திரும்பி வருவாங்களா’ன்னு கேட்டுச்சு, ‘நீங்களே வெச்சுக்கோங்க தாயீ, திருப்பி மட்டும் அனுப்பிறாதீங்க, நான் நிம்மதியா தூங்கி எத்தினியோ வருசம் ஆச்சு’ன்னு கெஞ்சினேன், ‘ஏன், வந்துருவாங்களா’ன்னுச்சு, ‘வராம? கூடப்பொறந்த தங்கச்சி கல்யாணத்துக்கு நாலு நாள் லீவு சொல்லிட்டுப் போன பொம்பள, பந்தல் பிரிக்கறதுக்குள்ள வந்து என் நாற்காலியத் தட்டுச்சே தாயீ’ன்னு ஓன்னு அழுதுட்டேன்!”