பதினோரு நாள் கணக்கும் ஸ்விட்ச் ஆன் கர்மமும்

அன்னைக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணு. மத்தியானம் வரைக்கும் ஒரு கம்ப்யூட்டரை யாரும் அணைச்சிடாம பாத்துக்கணும். கோழியைப் பாத்துக்கிறதைவிட லேசான வேலை. கோழியாவது ஓடும்.

தொண்ணூறுகள்ல, கேரள எல்லையில பாறசாலை பக்கத்துல ஒரு காலேஜ்ல நான் கணக்கு வாத்தியார். காலேஜுக்கே மொத்தம் ஒரு கம்ப்யூட்டர். அங்கேதான் ரெண்டு நாள் தேசிய மாநாடு! தலைப்பு, 'இயற்கணிதத்திலும் எண் கோட்பாட்டிலும் கணினி முறைகள்'. ஒத்தைக் கம்ப்யூட்டரை வச்சுக்கிட்டு இப்படித் தலைப்பு போட எங்க பிரின்சிபாலுக்குத்தான் தைரியம் வரும். அவரு படிச்சது தாவரவியல்.

மாநாட்டுக்கு சென்னையில இருந்து ஒரு பேராசிரியர் வர்றதா இருந்துச்சு. அவருகிட்ட பிஎச்.டி. சேரணும்னு ரெண்டு வருஷமா லெட்டர் போட்டுக்கிட்டே இருந்தேன். கடைசியில ஒரே ஒரு பதில் வந்துச்சு. அதுல நாற்பது இலக்கத்துல ஒரு எண். "எந்த ரெண்டு எண்ணைப் பெருக்கினா இது வரும்னு கண்டுபிடிங்க. மாநாடு முடியறதுக்குள்ள விடை கொடுத்தா சேத்துக்கறேன்."

ஒரு ப்ரோகிராம் எழுதி ஓட விட்டேன். பதினோரு நாளா ஓடுது. கரண்ட் போனா நிக்கக் கூடாதுன்னு, வெள்ளறடையில லாரி வச்சிருக்கிற மச்சானோட கையில கால்ல விழுந்து ரெண்டு பேட்டரி வாங்கி, ஒரு இன்வெர்ட்டரையும் மாட்டி வச்சிருந்தேன். மாநாடு தொடங்குற அன்னைக்கு மத்தியானத்துக்குள்ள விடை வரணும்.

நடுநடுவுல செஞ்ச வரைக்கும் ஃப்ளாப்பியில சேமிச்சு வைக்கலாமேன்னு கேப்பீங்க. நாலு வரி எழுதினா போதும். எழுதலை! என் மேல எனக்கு அவ்வளவு நம்பிக்கை. ஆனா விடை வந்ததும் 'பீப்'னு சத்தம் போட ஒரு வரி மறக்காம எழுதியிருந்தேன். விளம்பரம் முக்கியமில்லையா?

அன்னைக்குக் காலையில எட்டு மணிக்கே மாநாட்டு ஹாலுக்குப் போய், அங்கே இருந்த கம்ப்யூட்டர் பக்கத்துல உக்காந்தேன். அட்டெண்டர் தங்கப்பண்ணன் தூசி தட்டுற துணியோட வந்தாரு.

"சாறே, பதினோரு நாளாட்டு இது உறங்காம கெடக்கு. ஒரு பத்து நிமிசம் அணச்சுப் போட்டா என்ன? பாவமாக்கும்."

"தங்கப்பண்ணே, தொட்டீங்கன்னா நான் செத்தேன்!"

"நான் தொடேல. பறஞ்சேன், அவ்வளவுதான்."

அடுத்து பிரின்சிபால் வந்தாரு. கையில மாநாட்டு நோட்டீஸ்.

"மக்கா ஜெயசிங், மிஷினை அணை."

"எதுக்கு சார்?"

"பின்னே? பத்தரைக்கு ஸ்விட்ச் ஆன் கர்மம் உண்டுல்லா!"

நோட்டீஸ்ல மூணாவது வரி. 'கணினி ஸ்விட்ச் ஆன் கர்மம்: பஞ்சாயத்துத் தலைவர்.' கர்மம்னா அங்கே தொடக்கச் சடங்கு. எங்க பக்கத்துல தெருவிளக்குல இருந்து மாவு மில்லு வரைக்கும், ஒரு பெரிய மனுசன் வந்து ஸ்விட்ச் போடாம எதுவும் தொடங்காது. கைதட்டணும், போட்டோ எடுக்கணும், அப்புறம்தான் மாவே அரையும்.

"சார், அது ஏற்கெனவே ஆன்ல இருக்கு."

"அதுதானே பிரச்சனை! எரியுற விளக்கை ஒருத்தன் எப்பிடி கொளுத்துவான்? இப்ப அணை. அவரு போட்டப்பொறவு ஓடட்டும்."

"முதல்ல இருந்து ஓடும் சார். இன்னும் பதினோரு நாள் ஆகும்."

"ஆவட்டு. அதுக்கென்ன காலா வலிக்கப் போவுது?"

எண் கோட்பாட்டுக்கு மாநாடு நடத்துற மனுசன் இவரு!

அந்த நேரத்துல எனக்கு ஒரு யோசனை வந்துச்சு. என் வாழ்க்கையிலேயே பெரிய யோசனைன்னு நெனச்சேன். "சார், மானிட்டரை மட்டும் அணைச்சிடுவோம். தலைவர் மானிட்டர் பட்டனை அமுக்கட்டும். திரையில வெளிச்சம் வரும், ஆளுங்க கைதட்டுவாங்க. உள்ளே கணக்கு பாட்டுக்கு ஓடிக்கிட்டிருக்கும்."

"கொள்ளாம், நல்ல யோசனை! ஆனா இந்தப் பெட்டியில பச்சை லைட்டு எரியுதே. ஆளுவ கண்டுபிடிச்சிருவினும்."

சரின்னு, ஓடிக்கிட்டிருந்த பெட்டியை நானும் தங்கப்பண்ணனும் மூச்சுவிடாம தூக்கி மேசைக்கு அடியில இறக்கினோம். மேசை மேல தரை வரைக்கும் ஒரு விரிப்பு. பெட்டி மறைஞ்சது.

பத்தரைக்குத் தலைவர் வந்தாரு. நல்ல ஆகிருதி. அவரு செருப்பைப் பாத்து மனசுக்குள்ளயே அளவெடுத்தேன். மேசைகிட்ட நின்னார்னா அந்தச் செருப்புக்கும் பெட்டியோட ஸ்விட்சுக்கும் நடுவுல ஒரு சாண்தான் இருக்கும்!

யாரும் பாக்காத நேரத்துல விரிப்பைத் தூக்கினேன்.

"சாறு எங்க போறியரு?" தங்கப்பண்ணன்.

"காவலுக்கு."

"மாநாட்டுல கணக்குப் பேப்பர் வாசிக்க வேண்டிய ஆளு மேசைக்கு அடியிலயா?"

ஆமா. அறுபது பேராசிரியர்கள் நாற்காலியில. நான் தவழ்ந்துக்கிட்டு, ஸ்விட்சைக் கையால பொத்திக்கிட்டு, கொசுவோட.

பிரார்த்தனை, வரவேற்பு, தலைமை உரை, வாழ்த்துரை. வாழ்த்துரை மட்டும் நாலு. கணக்கைப் பத்தி ஒருத்தரும் வாயே திறக்கலை. கடைசியா தலைவர் மைக்கைப் பிடிச்சாரு.

"கம்ப்யூட்டர் வந்தா சோலி போவும்னு கொடி பிடிச்சு நடந்தவனாக்கும் நான். இன்னைக்கு நானே ஸ்விட்ச் போடுதேன். காலம் மாறியாச்சு!"

ஒரே கைதட்டல். பட்டனை அமுக்கினாரு. திரையில வெளிச்சம். இன்னும் கைதட்டல். செருப்பு என் விரலைத் தொட்டுக்கிட்டு நின்னுச்சு. ஜெயிச்சாச்சு!

அப்பத்தான் உதியன்குளங்கரை ஸ்டுடியோக்காரன் குரல் கேட்டுது. "ஃபிளாஷ் அடிக்கேல. ஒண்ணுகூட, இன்னொரு தடவை போடணும்!"

தங்கப்பண்ணன் மானிட்டரை அணைச்சாரு. தலைவர் மறுபடியும் போட்டாரு.

"பிரின்சிபால் சாறு கண்ணை மூடிட்டாரு. ஒண்ணுகூட!"

மூணாவது தடவை. திரை வந்துச்சு, ஃபிளாஷ் அடிச்சுது, அதே நேரத்துல என் காதுக்குப் பக்கத்துல...

பீப்!

விடை! பதினோரு நாள்! பிஎச்.டி.! நான் மேசைக்கு அடியில இருக்கேங்கிறது மறந்து போச்சு. துள்ளி எழுந்தேன். தலை பலகையில 'ணங்'குன்னு இடிச்சுது. கால் வயர்ல மாட்டுச்சு. இன்வெர்ட்டர்ல இருந்த பிளக், என் காலோட சேந்து வெளியே வந்துச்சு.

பெட்டியோட ஃபேன் சத்தம் நின்னுச்சு.

விரிப்பை விலக்கிக்கிட்டு வெளியே வந்தேன். தலைவர் பிரின்சிபாலைப் பாத்தாரு. "இதும் நிகழ்ச்சியில உள்ளதா?"

நான் மானிட்டரைப் பாத்தேன். இருட்டு. "எண் வந்துதா? யாராவது பாத்தீங்களா?"

அறுபது எண் கோட்பாட்டு நிபுணர்கள். ஒருத்தர் பாக்கலை! எல்லாரும் கேமராவைப் பாத்திருக்காங்க. சென்னைப் பேராசிரியரும்தான்.

தங்கப்பண்ணன் மட்டும் கையைத் தூக்கினாரு. "நான் கண்டேன் சாறே. நெறைய நம்பரு. அதுல ஏழு உண்டு."

பேராசிரியர் கைக்கடிகாரத்தைப் பாத்தாரு. "நாளைக்குச் சாயந்திரம் வரைக்கும் நேரம் இருக்கு."

போட்டோ! பீப் சத்தமும் ஃபிளாஷும் ஒண்ணாத்தானே வந்துச்சு? விடை படத்துல விழுந்திருக்கும்! உதியன்குளங்கரைக்கு ஓடினேன்.

"ரோல்ல இன்னும் ஆறு படம் உண்டு சாறே. தீராம கழுவப்பிடாது."

தீத்தேன். தாஜ்மஹால் வரைஞ்ச திரைக்கு முன்னால, தலையில வீக்கத்தோட ஆறு போஸ் கொடுத்தேன். ஆறாவதுல சிரிக்கச் சொன்னான். சிரிச்சேன்.

மறுநாள் மூணு மணிக்குப் படம் கையில வந்துச்சு. தலைவர் பளிச்னு இருந்தாரு. பிரின்சிபால் கண்ணு திறந்திருந்துச்சு. மானிட்டர் இருந்த இடத்துல ஃபிளாஷ் வெளிச்சம் மட்டும், வெள்ளை வெளேர்னு. ஒரு இலக்கம் தெரியலை. தங்கப்பண்ணனோட ஏழு கூட தெரியலை.

இருந்தாலும் கொண்டுபோய்க் காட்டினேன். பேராசிரியர் ரொம்ப நேரம் பாத்தாரு.

"விரிப்புக்கு வெளியே நீட்டிக்கிட்டிருக்கிற இந்தக் கால் யாருது?"

"என்னுதாக்கும் சார்."

"அந்த எண்ணை நானே பெருக்கித்தான் அனுப்பினேன். விடை எனக்குத் தெரியும். நீளமான கணக்கை நடுவுல சேமிச்சு வைக்கிற புத்தி உங்களுக்கு இருக்கான்னு பாக்க நெனச்சேன். பாத்துட்டேன்."

படத்தை என் கையிலேயே திருப்பிக் கொடுத்துட்டுக் கார் ஏறிட்டாரு. பிரின்சிபாலைத் திட்டலாம், தலைவரைத் திட்டலாம், ஸ்டுடியோக்காரனைத் திட்டலாம். ஆனா அந்த நாலு வரியை எழுதாதது அவங்க யாரும் இல்லையே.

பிரின்சிபாலுக்கு அந்தப் படம் ரொம்பப் பிடிச்சுப் போச்சு. பெருசாக்கி, ஃப்ரேம் போட்டு, தன்னோட அறையில மாட்டினாரு. அடியில எல்லார் பேரையும் வரிசையா எழுதியிருந்தாரு, என் காலைத் தவிர.