மூன்றாவது வரிசையில் ஒரு பெரிய போன்

மேடையில் குத்துவிளக்கு ஏற்றியாகிவிட்டது. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த தொம்மையின் போன் மட்டும் 'இடமில்லை, இடமில்லை' என்றே சொல்லிக்கொண்டிருந்தது.

நல்ல நாளும் அதுவுமாக இப்படியா காலை வாரும்? விழுப்புரத்தில் நர்சிங் காலேஜ் பட்டமளிப்பு விழா. தொம்மையின் மகள் சகாய பிரியா வகுப்பிலேயே முதல். அதனால் அத்தனை பிள்ளைகளுக்கும் முன்னால் நின்று, கையில் விளக்கோடு, உறுதிமொழியை அவள்தான் சொல்லிக்கொடுக்கப் போகிறாள். அதைப் பார்த்துப் பூரிக்கவேண்டிய அமல்ராணியோ குவைத்தில், ஒரு வீட்டில் சமையல் வேலையில். லீவு கொடுக்கவில்லை. வீடியோ எடுத்து அனுப்பினால் போதும் என்று புருஷனிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். அது மட்டும் போகாவிட்டால் தொம்மை அவள் முகத்தில் விழிக்க முடியாது.

போனும் லேசுப்பட்ட போன் இல்லை. நாலு வருஷத்துக்கு முன்னால், பிரியா காலேஜில் சேர்ந்த சமயம், அமல்ராணி வாங்கி, ஊர் திரும்பிய கோட்டக்குப்பம் பாய் ஒருவரிடம் கொடுத்தனுப்பியது. தோசைக்கல்லுக்குத் தம்பி என்று சொல்லலாம். திண்டிவனத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மண்டியில் மூட்டை தூக்கும் தொம்மையின் சட்டைப்பை எதிலும் அது நிற்கவில்லை. மனுஷர் அசரவில்லை. இருந்த சட்டைக்கெல்லாம் பையைப் பிரித்துப் பெரிதாகத் தைத்துக்கொண்டார். மண்டியில் 'தபால் பெட்டி' என்று கேலி செய்தார்கள். செய்தால் செய்யட்டுமே.

"பொண்ணு படிக்கறதுக்குன்னு எம் பொண்டாட்டி பாத்துப் பாத்து பெருசா வாங்கினது" என்பார்.

பொய்யும் இல்லை. பிரியா புத்தகம் புத்தகமாக அதில்தான் படித்தாள். போன மழைக்காலத்தில் திரையின் நடுவே பச்சையாக ஒரு கோடு விழுந்தது. அதையும் தொம்மை குறை என்று ஒப்புக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அதைச் சோற்றுக் குண்டானில் சாய்த்து வைத்து, கை வலிக்காமல் குவைத்துக்கு வீடியோ காலில் பேசுவார். நாலு வருஷமாக ஒரு வாரம் தவறியதில்லை.

இடம்தானே இல்லை என்று, மண்டி குரூப்பில் வந்த 'காலை வணக்கம்' படங்களை எல்லாம் இப்போது அழித்தார். போதவில்லை. மாதா தேர்பவனி வீடியோவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அதையும் அழித்தார். போன் அசையாமல் நின்றுவிட்டது. பக்கத்தில் மச்சான் ஜூட் இருந்தான். அமல்ராணியின் தம்பி, விழுப்புரத்துக்காரன், எல்லாம் தெரிந்தவன்.

"இங்க குடு மாமா. ஆஃப் பண்ணி ஆன் பண்ணா சரியாப்பூடும்."

ஆஃப் ஆவது உடனே ஆனது. ஆன் ஆவதற்குள் வரவேற்புரை முடிந்து தலைமையுரையும் முடிந்தது. ஒருவழியாகப் போனுக்கு உயிர் வந்ததும், ஜூட் கேமராவில் தன் மீசையை ஒருமுறை பார்த்துச் சோதித்துவிட்டு நீட்டினான்.

"ஓடுது மாமா. ஜல்தி, பிரியா வந்துட்டா."

தொம்மை பட்டனை அழுத்திப் போனைத் தூக்கினார். பின்வரிசையில் யாரோ மறைக்கிறது என்றார்கள். இன்னும் உயரத் தூக்கி, முன்னால் நீட்டிப் பிடித்தார். போனைப் பார்த்தால் பெண்ணைப் பார்க்க முடியாது. அவர் பெண்ணைத்தான் பார்த்தார். வெள்ளை உடுப்பில், விளக்கோடு, தெளிவான குரலில் அவள் ஒவ்வொரு வரியாகச் சொல்ல, மண்டபமே அவள் பின்னால் சொன்னது. மூட்டை தூக்கிய தோள் பெருமையில் விம்மியது.

பின்னால் முதலில் சிரிப்புச் சத்தம் கேட்டது. அப்புறம் யாரும் மூச்சு காட்டவில்லை. பெரிய திரை என்றால் சும்மாவா என்று நினைத்துக்கொண்டார். விழா முடிந்து எழுந்தபோது பின்வரிசை அம்மாள் ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"உங்க பொண்ணா? உங்க மூஞ்சியிலயே எழுதியிருக்கு."

தொம்மைக்குத் தலைகால் புரியவில்லை. வெளியே வேப்பமரத்தடியில் நின்று வீடியோவை ஓடவிட்டார். குரல் பிரியாவுடையது. படம் அவருடையது. பச்சைக் கோட்டின் இரண்டு பக்கமும் தொம்மை, வாயைப் பிளந்துகொண்டு, மகள் சொல்லச் சொல்ல உதட்டை அசைத்துக்கொண்டு, கடைசியில் கண்ணீரைத் துடைக்கக் கையில்லாமல் தோளில் தேய்த்துக்கொண்டு.

"இன்னாடா ஜூட்டு பண்ணி வெச்ச? பேஜாரா போச்சே."

வேறு யாரிடமாவது வீடியோ வாங்கி வருகிறேன் என்று ஜூட் ஓட்டம் பிடித்தான். இந்தக் கண்றாவியை முதலில் அழிக்கவேண்டும் என்று தொம்மை கட்டைவிரலை வைத்தார். அழிப்பதற்குப் பக்கத்திலேயே அனுப்புவதையும் வைத்த புண்ணியவான் யாரோ. பதறி இன்னும் இரண்டு தட்டு தட்டினார். வீடியோ நேராக அமல்ராணிக்குப் போய்ச் சேர்ந்தது. அவள் பார்த்துவிட்டதற்கு அடையாளமாக நீலக்கோடும் விழுந்தது.

தொம்மை அப்படியே கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது.

"அமலு, கோச்சிக்காத. புள்ளய எடுக்கறேன்னு என்னையே எடுத்துட்டேன். ஜூட்டு வேற வாங்கியாரப் போயிருக்கான்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"புள்ள வீடியோ நாலு பேர்கிட்ட கெடைக்கும், பாத்துக்கறேன். வாராவாரம் உங்க நெத்தியும் நம்ம வீட்டு ஃபேனும்தாங்க தெரியும். மூஞ்சி முழுசா விழட்டும்னுதானே அவ்ளோ பெரிய போனா பாத்து வாங்கினேன்!"