வாபஸ் காக்கா கேட்ட தையல் மெஷின்

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. ஓ.எல். பரீட்சை வரை படித்துவிட்டு, கல்முனையில் ஒரு ஹாட்வெயார் கடையில் நிற்பவன். நாலு பேர் முன்னால் கதைக்கவே கூசுவேன். பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் வாபஸ் காக்காவைப் பற்றி யாராவது எழுதத்தான் வேண்டும். எங்கள் பக்கத்தில் அண்ணனைக் காக்கா என்போம், அக்காவை ராத்தா என்போம். எங்கள் வாட்ஸ்அப் ஏலக் குழுவின் சட்டங்கள் அத்தனையும் அந்த ஒரு மனிதரால் உண்டானவை.

அந்தக் குழுவுக்கு நான்தான் அட்மின். ஏன் ஆனேன் என்று இன்றும் விளங்கவில்லை. பழைய சாமான்களைப் படமெடுத்துப் போடுவார்கள். மற்றவர்கள் ஏலத்தில் விலை கேட்பார்கள்; கூடக் கேட்டவருக்குச் சாமான். முதல் ஆளாகக் கேட்பவர் காக்கா. ஏலம் அவர் பேரிலேயே நின்றுவிட்டால் குரல்பதிவு வரும்.

"அஸ்ஸலாமு அலைக்கும் அட்மின் தம்பி. அந்த அலுமாரிய வாபஸ் வாங்குறன். எங்கட வாசலால அது உள்ளுக்குப் போகா. வாசல ஒடைச்சா ஊடு நிக்கா."

வாபஸ் வாங்கினால் காரணம் சொல்ல வேண்டும் என்று நான் போட்ட சட்டத்தின் விளைவு இது. விற்பவரிடம் மன்னிப்பும் கேட்க வேண்டும் என்று அடுத்த சட்டம் போட்டேன். கோழிக்கூடு விற்றவரிடம் மன்னிப்புக் கேட்கப் போனவர், பகல் சோறும் தின்றுவிட்டு வந்தார்.

"வாங்காத சாமானுக்கெல்லாம் ஏன் காக்கா கேக்கிறீங்க?"

"பள்ளி ஏலத்தில ஒருத்தனும் கேக்காட்டி, பூசணிக்காயக் கொண்டாந்தவன்ட மொகத்தப் பாத்திரிக்கியா மனெ?"

பள்ளிவாசலுக்கு யாரோ கொடுத்த காயை ஏலத்தில் எடுத்தவரே அதைத் திரும்பப் பள்ளிக்குக் கொடுப்பார். அது மறுபடி ஏலம் போகும். அங்கே அது நன்மை. வாட்ஸ்அப்பில் தலைவலி. ஆட்கள் என்னிடம் வந்து முறைப்பட்டு முறைப்பட்டு, கடைசிச் சட்டத்தையும் எழுதினேன்: இன்னொரு முறை வாபஸ் வாங்கினால் காக்கா குழுவிலிருந்து நீக்கப்படுவார்.

அந்த நேரத்தில்தான் கண் மங்கிப்போன பரீதா ராத்தா தன் தையல் மெஷினை ஏலத்துக்குப் போட்டார். ஒருவரும் கேட்கவில்லை. காக்கா கேட்டார். அவர் பேரிலேயே ஏலம் முடிந்தது.

பின்னேரம் ராத்தா எனக்குக் கோல் எடுத்தார். "தம்பி, இனி மகள் தைக்கப் போறாவாம். 'மெஷினக் குடுக்காதீங்கம்மா' எண்டு அழுறா. என்ன செய்ய?"

விலை கேட்ட பிறகு விற்பவர் பின்வாங்கக் கூடாது. கேட்டவர்தான் விட வேண்டும். அதுவும் நான் எழுதிய சட்டம். ஒருவருக்காக மாற்றினால் குழுவே என்மேல் பாயும். காக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"அப்ப வாபஸ் வாங்குறன்."

"வாங்கினா உங்கள நீக்கணும் காக்கா."

"ஓம், நீக்கு. சட்டமெண்டாச் சட்டம்தானே. ஆனா காரணம் சொல்லாம நான் போகமாட்டன்."

குழுவில் அவருடைய கடைசிக் குரல்பதிவு வந்தது: "அஸ்ஸலாமு அலைக்கும். அந்த மெஷின வாபஸ் வாங்குறன். எனக்குத் தைக்கத் தெரியா. இப்பதான் ஞாபகம் வந்த. ராத்தா, மன்னிச்சுக்கங்க."

நீக்கினேன். குழு அமைதியானது. இத்தனை நாளும் நான் ஆசைப்பட்ட அமைதிதான்.

மறுநாள் காலை ஒருவர் மேசை விசிறி ஒன்றின் படம் போட்டார். பின்னேர அஸர் தொழுகை வரை ஒருவரும் கேட்கவில்லை. காக்காவைத் திரும்பச் சேர்த்தேன்.