தம்பிக்கு இருமல்

மெத்தைச் சுருளுக்குள்ளிருந்து ஒரு வால் எட்டிப் பார்த்தது. தையற்காரர் அதை உள்ளே தள்ளிவிட்டு மாடிப்படி ஏறினார்.

நாய் என்றதுமே நாலு வீட்டுக்காரர்கள் கதவைச் சாத்தியிருந்தார்கள். அதனால் இந்த வீட்டில் அவர் வாயே திறக்கவில்லை. மனைவி போன பிறகு அவருக்கென்று மிச்சமிருந்தது அந்த ஒரு ஜீவன்தான்.

பெட்டியைப் பிரிப்பதற்குள் மெத்தை "லொள்" என்றது.

"என்னங்க சத்தம்?" கீழேயிருந்து வீட்டுக்கார அம்மா கேட்டார்.

"இருமல்மா!"

"உங்களுக்கா?"

"இல்ல... தம்பிக்கு."

இப்படியாகத்தானே, பெற்றவர்களுக்கே தெரியாமல் அவருக்கு ஒரு தம்பி பிறந்தான்.

மறுநாள் அந்த அம்மா சூப் கொண்டுவந்து வாசலில் நின்றார். "எலும்பு நிறையப் போட்டிருக்கேன். தம்பிக்குக் குடுங்க."

தம்பி கிண்ணத்தை நக்கி முடித்து, இன்னும் வேண்டுமென்று நாலு முறை இருமினான். அன்று மாலை அண்டாவே வந்தது. கூடவே ஒரு பழைய கம்பளி.

"தம்பி தரையிலதானே படுக்கும்?"

"ஆமாமா."

"இருமல் குறையலையே. நாளைக்குக் காலையில டாக்டரை வரச் சொல்லியிருக்கேன்."

தையற்காரர் கதவைத் தாழிட்டார். டாக்டர் வந்தால் குட்டு உடையும். தான் நடுத்தெருவில் நின்றாலும் பரவாயில்லை, அதற்கு யார் சோறு போடுவது? இரவெல்லாம் அதைக் கட்டிக்கொண்டு அழுதார்.

விடிந்ததும் சாமான் ஏற்றிவந்த லாரிக்காரரை வரவழைத்தார்.

"நல்லா பாத்துப்பீங்களா?"

"லாரிக்குக் காவலா இருக்கும். பட்டினி போட மாட்டேன்."

"எந்த ஊருக்குப் போறீங்க?"

"நமக்கு ஏதுங்க ஊரு? சரக்கு போற பக்கம்தான்."

மறுபடி வீடு மாறுகிறோம் என்று நினைத்ததோ என்னவோ, நாய் ஒரே தாவில் ஏறி, அவருக்கும் இடம் விட்டு ஒதுங்கி உட்கார்ந்தது. லாரி கிளம்பிப் போயிற்று. அவர் முகத்தைக் கழுவிக்கொண்டு கதவைத் திறந்து வைத்தார்.

பையும் கையுமாக டாக்டர் வந்து, அறையின் மூலை முடுக்கெல்லாம் குனிந்து பார்த்தார்.

"தம்பிக்குச் சரியாப் போச்சு டாக்டர். காலையிலேயே ஊருக்குப் போயிட்டான்." தையற்காரர் தரையில் கிடந்த கம்பளியை எடுத்து மடித்தார்.

"தனியாவா அனுப்பினீங்க?" டாக்டர் நிமிர்ந்தார். "என்ன சார் இது, நான் மாட்டாஸ்பத்திரி டாக்டர்னு அந்தம்மா உங்ககிட்ட சொல்லலையா?"