குழந்தை நேய விசாரணை

குழந்தைகள் நீதிமன்றத்தைக் கண்டால் பயப்படுகிறார்கள் என்ற உண்மையை அரசு ஒருநாள் கண்டுபிடித்தது. பெரியவர்களும் பயப்படுகிறார்களா என்பது இன்னும் ஆய்வில் இருக்கிறது.

உடனே 'குழந்தை நேய விசாரணை அறை' உதயமானது. சுவரெல்லாம் ஒட்டகச்சிவிங்கி. மேசை, நாற்காலி எல்லாம் முழங்கால் உயரம். கறுப்புக் கோட்டுக்குத் தடை. குழந்தைகள் பாதுகாப்புத் துறையின் அரசு வழக்கறிஞர் மஞ்சள் சட்டை தைத்துக்கொண்டு, கொஞ்சிப் பேசும் பயிற்சிக்கும் போய் வந்தார். பயிற்சி நன்றாகவே பிடித்துக்கொண்டது. வீட்டில் மனைவியிடம் "செல்லத்துக்குக் காபி போடத் தெரியுமா?" என்று கேட்டுவிட்டு, கொஞ்ச நாள் கடையில்தான் காபி குடித்தார்.

முதல் வழக்கு ஏழு வயதுப் பெண்ணுடையது. அம்மா இல்லை. அடித்தே வளர்த்த அப்பாவிடமிருந்து மீட்டு, அரசு காப்பகத்தில் வைத்திருந்தார்கள். "நான் வளர்க்கிறேன், என்கிட்ட குடுங்க" என்று சித்தி நடையாய் நடந்துகொண்டிருந்தாள். துறைக்கும் மறுப்பில்லை. குழந்தை ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஓர் உத்தரவில் விஷயம் முடிந்துவிடும்.

நீதிபதி சின்ன நாற்காலியில் தம்மைச் செருகிக்கொண்டார். வழக்கறிஞர் தொடங்கினார்.

"செல்லக்குட்டிக்கு என்ன கலர் பிடிக்கும்?"

"சித்தி வீட்டுக்குப் போகணும்."

"அச்சச்சோ, அது கலர் இல்லையேம்மா!"

"தெரியும். நான் சித்தி வீட்டுக்குப் போகணும்."

நீதிபதி நெகிழ்ந்துபோனார். "எவ்வளவு தெளிவா பேசுது! உத்தரவு போட்டுடலாமே?"

"இந்த ரூம்ல போடக்கூடாதுங்க ஐயா. உத்தரவுன்னா குழந்தை பயந்துடும்னு சுற்றறிக்கை இருக்கு. பெரிய கோர்ட்லதான் போடணும்."

"சரி, அங்க போவோம்."

"அங்க குழந்தை வரக்கூடாதுங்க. பயந்துடும்."

"அப்ப குழந்தை இல்லாமலே போட்டுடறேன்."

"குழந்தை முன்னாடிதான் சொல்லணும்னு விதி இருக்குங்களே!"

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பார்கள். இங்கே சாமியும் தயார், பூசாரியும் தயார். வரத்துக்குத்தான் அனுமதி வரவில்லை.

"மேலிடத்துக்கு எழுதிக் கேளுங்க" என்றார் நீதிபதி. "பதில் வர்ற வரைக்கும் குழந்தை காப்பகத்துலயே இருக்கட்டும்." அவர் எழுந்தபோது நாற்காலியும் கூடவே எழுந்தது.

வாசலில் வழக்கறிஞரிடம் சித்தி ஓடி வந்தாள். "என்னங்க ஆச்சு?"

"பெரிய வெற்றிம்மா! குழந்தை கொஞ்சங்கூடப் பயப்படலை."

"அப்ப கூட்டிட்டுப் போகலாங்களா?"

"அது மட்டுந்தான் பாக்கி."

அறையின் முதல் விசாரணை என்பதால் பத்திரிகைக்குப் படம் எடுத்தார்கள். அப்போதுதான் அந்தப் பெண் அழத் தொடங்கினாள், சத்தமே இல்லாமல். ஆனால் துறை கலங்கவில்லை. பாதுகாப்பில் உள்ள குழந்தையின் முகத்தை வெளியில் காட்டக்கூடாது என்று சட்டமே இருக்கிறது. சட்டப்படி மறைத்துவிட்டார்கள்.

மறுநாள் படம் எல்லாருடைய போனுக்கும் வந்தது. நடுவில் அவள், முகத்தின் மேல் வட்டமாக, மஞ்சளாக, பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும் ஒரு பொம்மை முகம். நாமும் பார்த்தோம். "குழந்தை என்ன சந்தோஷமா இருக்கு பாரேன்!" என்று சொல்லி, நாலு பேருக்கு அனுப்பியும் வைத்தோம்.