நான் கோட்டை ஏறாத காரணம்

லாண்டெய்லோ,
ஆகஸ்ட் 19

என் அன்புக்கும் மரியாதைக்கும் உரிய மைத்துனர் எம்ரிஸ் அவர்களுக்கு, உங்கள் தங்கை எலுனெட்டின் கணவன் கெதின் ஹாவர்ட் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. அங்கே அனைவரும் சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள், எலுனெட் சமைக்கிறாளே. இங்கே நான் பத்து நாளாக டின்னில் அடைத்த பீன்ஸைத் தின்று உயிரோடு இருக்கிறேன். ஊரில் மழை. சர்ச்சில் எல்லோரும் அவளை விசாரிக்கிறார்கள். அண்ணனுக்கு உடம்பு சரியில்லை, பார்க்கப் போயிருக்கிறாள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஆகவே நம் ஊர்க்காரர் யாராவது வந்தால் தயவுசெய்து கொஞ்சம் இருமுங்கள்.

இத்தனைக்கும் காரணம் நீங்கள்தான் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். தபால் ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்றவளுக்கு ஒரு பூச்சாடி கொடுத்திருக்கக் கூடாதா? கார்மார்தன் மாவட்டத்துக் கோட்டைகள் எல்லாம் குறித்த வரைபடம் ஒன்றைக் கொடுத்தீர்கள். அதைச் சமையலறைச் சுவரில் ஒட்டி, இந்தக் கோடைக்குள் ஒன்றுவிடாமல் பார்த்துவிட வேண்டும் என்றாள். நானும் சரி என்றேன். முப்பத்தைந்து வருடம் பால் லாரி ஓட்டியவனுக்குக் கார் ஓட்டுவதா கஷ்டம்? ஆனால் என் கொள்கை உங்களுக்குத் தெரியும். நார்மன்காரன் வேல்ஸ்காரர்களான நம்மை அடக்கக் கட்டிய கோட்டைக்குள் நான் காலெடுத்து வைக்க மாட்டேன். முதல் நாளே கிட்வெல்லி. நம் இளவரசி க்வென்லியன் படை திரட்டி வந்து, தோற்று, தலையைப் பறிகொடுத்த ஊர். வாசலில் அவள் நினைவுக்கல் முன்னால் தொப்பியைக் கழற்றி இரண்டு நிமிடம் நின்றுவிட்டுக் காருக்குத் திரும்பி, ஃபிளாஸ்கைத் திறந்தேன். எலுனெட் மட்டும் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். கார் நிறுத்துமிடத்தில் இருந்த ஆள் ஜன்னலைத் தட்டி, "என்ன பெரியவரே, உள்ள போகலையா?" என்றான். விவரமாகச் சொன்னேன். "எண்ணூறு வருஷம் தாண்டியாச்சு, இன்னுமா கோவம் ஆறல?" என்று கேட்டுவிட்டு, என் பெயரையும் கேட்டான். சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "ஹாவர்ட்டா? அது நார்மன்காரன் பேருய்யா! உங்க பாட்டன் கட்டின கோட்டைக்கு வெளியில உக்காந்து டீ குடிக்கிறீரே!" எனக்கு வந்த ஆத்திரத்தில் டீ முழுக்க மடியில் கொட்டிவிட்டது. பெயர் எங்கிருந்து வந்தால் என்ன, ரத்தம் வேல்ஸ் ரத்தம் இல்லையா? நீங்களே சொல்லுங்கள்.

அடுத்து லான்ஸ்டெஃபன். அதுவும் நார்மன், நான் கீழே கடற்கரையில் உட்கார்ந்தேன், ஒரு நாய் என் கேக்கைத் தின்றது. லார்னும் அப்படியே. ஆனால் நான் ஒன்றும் பிடிவாதக்காரன் இல்லை. ட்ரஸ்லுவின் என்ற கோட்டை நம் இளவரசர்கள் கட்டியது என்பதால் வரிந்துகட்டிக்கொண்டு போனேன். அங்கே சுவர்கள் இடுப்புயரம்தான் மிஞ்சியிருக்கின்றன, எவ்வளவு அடக்கமான கட்டடம்! அதன்மேல் உட்கார்ந்து அரை மணி நேரம் வரலாறு சொன்னேன். எலுனெட் கொட்டாவி விட்டாள். டினெவரில் கோபுரம் நம்முடையதுதான், மறுக்கவில்லை, ஆனால் அதன் உச்சியை எவனோ ஒரு பிரபு பின்னாளில் தன் விருந்து மண்டபமாக மாற்றியிருக்கிறான், அந்த அவமானத்தை நான் எப்படி மிதிப்பது? கடைசியாகக் கார்ரெக் கென்னன். செங்குத்துப் பாறை விளிம்பில் இருக்கிறது. அஸ்திவாரம் நம்மவர் போட்டது, மேலே சுவர் எழுப்பியது அவர்கள். எனவே அஸ்திவாரத்தின் மட்டத்துக்கும் கீழேயே இருந்துவிடுவது என்று தீர்மானித்து டீக்கடையில் உட்கார்ந்தேன். எலுனெட் உச்சிக்குப் போய், சிவப்புத் துண்டை ஆட்டி ஆட்டிக் கூப்பிட்டாளாம். நான் பார்க்கவில்லை, கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் சமையலறை மேஜையில் புகைப்படங்களைப் பரப்பினாள். "நீ வராத அஞ்சு கோட்டை, அஞ்சு படம், கெதின். அஞ்சும் யாரோ எடுத்தது. ஒண்ணு ஒரு ஜெர்மன்காரர், ஒண்ணு ஒரு பாதிரியார். இது பர்மிங்ஹாம் பல் டாக்டர் எடுத்தது. 'உங்க வீட்டுக்காரர் தவறிட்டாராம்மா?'ன்னு மெல்லக் கேட்டார். 'இல்லீங்க, கீழ டீ குடிக்கிறார்'னேன். அதக் கேட்டப்புறம்தான் அந்த மனுஷன் ரொம்ப இரக்கப்பட்டார்." நான் க்வென்லியன் என்று ஆரம்பித்தேன். "க்வென்லியன் பக்கத்துல நிக்கிற. நாப்பத்தோரு வருஷம் கூட இருந்தவ பக்கத்துல அஞ்சு நிமிஷம் நிக்க உனக்கு மனசில்ல" என்றாள். மறுநாள் காலை உங்கள் வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாள். என்னால் உங்கள் ஊர் அபெராய்ரன் வரை ஓட்டி வந்து கெஞ்ச முடியாது. ஒரு மனிதன் கொள்கைக்காக எவ்வளவு இழக்க வேண்டியிருக்கிறது பாருங்கள்! அவள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு திரும்பி வரலாம், நான் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொள்வேன். அண்ணன் என்ற முறையில் நீங்கள்தான் நாலு வார்த்தை எடுத்துச் சொல்லி அனுப்பி வைக்க வேண்டும்.

நெஸ்டா அண்ணிக்கு என் வணக்கம். உங்கள் படகுக்கும் முதுகுவலிக்கும் ஆண்டவர் நல்லது செய்யட்டும். உங்கள் குடும்பத்தில் சமாதானம் குடியிருக்கட்டும், என் குடும்பத்தில் இல்லாததும் சேர்த்து.

இப்படிக்கு,
கொள்கை மாறாத,
கெதின் ஹாவர்ட்

பி.கு.: உறையை ஒட்டிவிட்டு மறுபடி பிரித்தேன். மேலே எழுதியதை அவளிடம் காட்ட வேண்டாம். க்வென்லியனுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. எனக்குப் பதினோரு வயதில் பள்ளிக்கூடத்திலிருந்து கிட்வெல்லிக்குக் கூட்டிப்போனார்கள். கோபுரத்துச் சுழல்படியில் பாதி ஏறியதும், அம்பு விடும் பொந்து வழியே கீழே பார்த்துவிட்டேன். அவ்வளவுதான், சுவரைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன். கண்ணைத் துணியால் கட்டி இரண்டு பேர் தூக்கி வந்து இறக்கினார்கள். பஸ்ஸில் பையன்கள் சிரித்த சிரிப்பில், க்வென்லியனை நினைத்து அழுதேன் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். வாத்தியார் நம்பிவிட்டார். மறுநாள் காலைப் பிரார்த்தனையில் பள்ளிக்கூடம் முழுக்க எனக்குக் கைதட்டியது. அப்புறம் எப்படி வாபஸ் வாங்குவது? எலுனெட் என்னைக் கட்டிக்கொண்டதே அந்தக் கதையில் மயங்கித்தான். அன்றைக்கு டீக்கடையில் நான் நிமிராததும் கொள்கையால் அல்ல. அந்த விளிம்பில் அவள் நிற்பதைப் பார்த்திருந்தால் எனக்கு அங்கேயே உயிர் போயிருக்கும். இதை அவளிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், எனக்கு வாய் வராது. சிரித்தால் சிரிக்கட்டும். ஆனால் மனசில்லை என்று மட்டும் சொல்ல வேண்டாம் என்று சொல்லுங்கள். ஐந்து கோட்டையிலும் அவள் பக்கத்தில் நிற்க எனக்கு ஆசையாகத்தான் இருந்தது, அவள் தரையில் நின்றிருந்தால்.